அக்காவின் காதுக்கு ஒரு ரெக்கார்டர்

அவருடைய சொந்தப் பெயர் மின்சாரக் கட்டண ரசீதில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி தெருவுக்கும் சந்தைக்கும் அவர் ‘கூலிங்’. ஃபிரிட்ஜ் மெக்கானிக். யார் வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, “கூலிங் வருதா?” முப்பது வருஷமாக இதையே கேட்டுக் கேட்டு, காய்ச்சலில் படுத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கப் போன இடத்திலும் நெற்றியில் கை வைத்துவிட்டு, “கூலிங் வருதா?” என்று கேட்டுத் தொலைத்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், இன்றுவரை பிய்ந்து வரவில்லை.

வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் கம்ப்ரெசரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார், கேட்டவர் எழுந்து போகும்வரை நிறுத்த மாட்டார். கீழே ஒரு ஷட்டர் போட்ட கடை. மேலே இரண்டாவது மாடியில் ஒரு ஹால், இரண்டு சின்ன அறைகள், ஒரு சமையலறை. அங்கே அவரும் அவருடைய அக்காவும் இருக்கிறார்கள்.

அக்கா ஏழு வயது மூத்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பிக்குப் பன்னிரண்டு, அக்காவுக்குப் பத்தொன்பது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, ஒரு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முப்பத்தோரு வருஷம் ஊரார் பேச்சை ஊராருக்கு இணைத்துக் கொடுத்தார். தம்பியைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பியதும், முதல் ஸ்பானர் செட் வாங்கிக் கொடுத்ததும் அந்தச் சம்பளம்தான். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. நன்றி என்ற சொல் அந்த வீட்டில் புழங்கியதே கிடையாது. தங்களுக்குள் அதெல்லாம் எதற்கு என்று இருவருக்கும் ஒரு வீம்பு.

அக்காவின் காது ஒரேயடியாகப் போகவில்லை. மேலிருந்து கீழாகப் போனது. முதலில் ஜன்னலில் வந்து கத்தும் குருவி போயிற்று. ‘இப்பல்லாம் குருவியே வர்றதில்ல’ என்றார் அக்கா. குருவி அவர் தலைக்கு மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. அப்புறம் காலிங் பெல். அப்புறம் குழந்தைகளின் பேச்சு, பெண்களின் பேச்சு. தம்பிக்குக் கட்டைக் குரல் என்பதால் எதிரில் நின்று நிதானமாகப் பேசினால் அவர் பேச்சு மட்டும் இன்னும் போய்ச் சேருகிறது. காதுக்கு மெஷின் வாங்கி மாட்டிப் பார்த்தார்கள். “தட்டு கீழ விழுந்தா என் தலையில விழுந்த மாதிரி இருக்குடா” என்று ஒரே வாரத்தில் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டார் அக்கா. அவருடைய பிடிவாதம் ஊரறிந்தது. அந்த டிராயரை அப்புறம் யாரும் திறக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம். அக்கா ஒருநாளும் ‘கேக்கல’ என்று சொன்னதில்லை. ஆபரேட்டர் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது அதுதான். எவ்வளவு இரைச்சலான லைனாக இருந்தாலும் பிடித்துவிடுவார் என்று எக்ஸ்சேஞ்ச் முழுக்க அவருக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற, ஓய்வு பெற்ற பிறகு தலையாட்ட ஆரம்பித்தார். யார் எது சொன்னாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். தையல்காரர் கை நீளமா குட்டையா என்று கேட்டதற்குத் தலையாட்டி, ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் தைத்து வந்துவிடுமோ என்று தம்பி பயந்த நாளும் உண்டு. அதுவரை சிரித்துக்கொள்ளலாம். முதல் மாடி அம்மாள் தன் அண்ணன் இறந்துபோனதைச் சொல்லி அழுதபோதும் அக்கா சிரித்த முகமாகத் தலையாட்டி, “நல்லது, நல்லது” என்று சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்ததும் துடித்துப்போனார். போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். அதற்கப்புறம் படியிறங்கிப் போவதே குறைந்துவிட்டது.

கூலிங்குக்கு இதுதான் உறுத்தல். அக்கா வீட்டுக்குள்தான் இருக்கிறார், ஆனால் நாளுக்கு நாள் எங்கோ தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறார். தலையாட்டாமல், நடிக்காமல், அக்கா நிஜமாகவே கேட்கிற சத்தம் ஒன்றாவது இந்த வீட்டில் இருக்க வேண்டும். அதைத் தன் கையால் தர வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். அது சின்ன ஆசையா பெரிய ஆசையா என்று அவருக்கே தெரியவில்லை.

ரெக்கார்டர் வந்தது தற்செயலாக. ஒரு வீட்டில் ஃபிரிட்ஜை நகர்த்தும்போது மேலே தூசி படிந்து கிடந்தது. பேச்சைப் பதிவு செய்கிற ரெக்கார்டர் இல்லை; புல்லாங்குழலுக்குத் தூரத்துச் சொந்தம். நேராகப் பிடித்துக்கொண்டு, விசில் மாதிரி நுனியில் வாய் வைத்து ஊத வேண்டும். முன்னால் ஏழு துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. பள்ளிக்கூடத்தில் கட்டாயப்படுத்தி வாங்க வைத்ததாம், பிள்ளை ஒரு வாரத்தில் வெறுத்துவிட்டதாம். “எடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும். மறுபடியும் அது கண்ணுல படக் கூடாது” என்றார் அந்த வீட்டம்மாள். கூலிங் அதை டெட்டால் போட்டுக் கழுவி, ஒரு பாடப் புத்தகமும் வாங்கிக்கொண்டு, மதிய நேரத்தில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஊதிப் பழகினார். நாள் முழுக்க முனகிக்கொண்டே வேலை செய்கிற ஆள். ராகம் என்று சொல்ல முடியாவிட்டாலும் சுதி நிற்கும். மூன்றே மாதத்தில் பதினேழாம் பாடம்வரை வந்துவிட்டார்.

அக்காவுக்கு வாசித்துக் காட்டினார். அக்கா சிரித்தார், தலையாட்டினார், “ரொம்ப நல்லா இருக்கு தம்பி” என்றார். கூலிங்குக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமை, காது பரிசோதனை நிலையத்துக்கு அக்காவை வருடாந்திரச் சோதனைக்கு அழைத்துப் போன நாள்வரை நீடித்தது. பரிசோதிக்கிற பெண் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். இடது பக்கம் சமதரையாக ஓடி, நடுவுக்கு மேல் மளமளவென்று பள்ளத்தில் விழுகிற கோடு.

“கனமான சத்தமெல்லாம் இந்தப் பக்கம். அது ஓரளவு கேக்குது. கீச்சுக் குரல், விசில், பெல் எல்லாம் அந்தப் பக்கம். அது போயிடுச்சு.”

“சின்னதா ஒரு குழல் வாசிச்சா?”

“எவ்வளவு சின்னது?”

கூலிங் இரண்டு கையையும் ஓர் அடிக்கு விரித்துக் காட்டினார். அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினார்.

வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். கூலிங் மெக்கானிக். ஒரு பாகம் சேரவில்லை என்றால் சேருகிற பாகத்தைத் தேடுவதுதான் அவர் புத்தி. இசைக்கருவி விற்கிற கடையைக் கண்டுபிடித்தார். அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார்.

கடைக்காரம்மா மூக்கு நுனியில் கண்ணாடி போட்டு, மேசையில் ஒரு கிளாரினெட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பேச்சில் எண்ணெய் இல்லாத மனுஷி. விஷயத்தைக் கேட்டதும் நாலு ரெக்கார்டரை எடுத்து வரிசையாக வைத்தார். “குழல் நீளமா இருந்தா குரல் கனமா இருக்கும். உங்ககிட்ட இருக்கிறது குழந்தை. இது அதுக்கு அண்ணன், ஆல்ட்டோ. இது அப்பா, டெனர். பிளாஸ்டிக்லயும் இருக்கு, மரத்துலயும் இருக்கு. முதல்ல கையைக் காட்டுங்க.”

கூலிங் கையை நீட்டினார். டெனர் துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும். சின்னக் கையாக இருந்தால் எட்டாது. முப்பது வருஷம் ஸ்பானர் பிடித்த விரல்கள், தாராளமாக எட்டின. “விரல் துளையை முழுசா மூடணும். ஓரத்துல காத்து ஒழுகினா கீழ் சுரம் வராது” என்று ஒவ்வொரு விரலையும் அழுத்திப் பார்த்தார் கடைக்காரம்மா. அப்புறம் வாய்ப் பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். காற்று போகிற சந்து ஒரு மெல்லிய கீற்று மாதிரி தெரிந்தது. அது நேராக இருக்க வேண்டும், கீறல் இருக்கக் கூடாது. அதற்குக் கீழே காற்று மோதுகிற விளிம்பு. அதில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் குழல் கழுதை. மெல்ல ஊதினால் அடிச்சுரம் தடுமாறாமல் வர வேண்டும், அழுத்தி ஊதினால் மேல்சுரம் கீச்சிடக் கூடாது. இதெல்லாம் பார்த்தால்தான் நல்ல ரெக்கார்டர், பளபளப்பைப் பார்த்து வாங்குகிறவன் ஏமாளி என்றார்.

“எல்லாத்தையும் விட முக்கியம் கேக்கிற காது. அவங்களை உக்காரச் சொல்லுங்க.”

அக்காவை ஒரு ஸ்டூலில் முதுகு காட்டி உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். தலையாட்டினால் செல்லாது என்று கூலிங் எதிரில் போய் நின்று சொன்னார். அக்கா முறைத்தார், ஆனால் சம்மதித்தார். கடைக்காரம்மா ஒவ்வொன்றாக ஊதினார். சின்னக் குழலுக்கு அக்காவின் கை மடியிலேயே கிடந்தது. ஆல்ட்டோவுக்குப் பாதி எழுந்தது, பாதி எழவில்லை. மர டெனரின் அடிச்சுரத்துக்கு, பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி விருட்டென்று எழுந்தது. மேலே போகப் போகவும் எழுந்தது. கடைசி இரண்டு சுரத்துக்கு மட்டும் கொஞ்சம் தயங்கி எழுந்தது. கூலிங் அதையே வாங்கினார்.

கடைக்காரம்மா பில் போடுவதற்கு முன் ஒரு பாடம் நடத்தினார். “மரம் புதுசு. முதல் ரெண்டு வாரம் தினமும் பத்து நிமிஷம், அதுக்கு மேல கூடாது. ஊதறதுக்கு முன்னாடி தலைப்பகுதியைக் கழட்டி அக்குள்ல வச்சுச் சூடு பண்ணிக்குங்க. குளிர்ந்த மரத்துல சூடான மூச்சுப் பட்டா தண்ணி கோத்துக்கும். அடைச்சுக்கிட்டா, இந்தத் திறப்பை விரலால பட்டும் படாம மூடிட்டு, பலமா ஒரு ஊது. தண்ணி வெளிய வந்துடும். வாசிச்சு முடிச்சதும் துணி விட்டு உள்பக்கம் துடைங்க, பெட்டிக்குள்ள வைக்காம நிழல்ல ஆற விடுங்க. வெயில் ஆகாது, ஃபேன் ஆகாது, சூடு ஆகாது. ஈரம் வரத்தான் செய்யும். வந்துட்டுப் போகட்டும்.”

கூலிங் இதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். ஈரத்தைப் பற்றித் தனக்கே பாடமா? ஃபிரிட்ஜ் தொழிலில் ஈரம் பரம விரோதி. குழாய்க்குள் ஒரே ஒரு துளி தண்ணீர் தங்கினாலும், மெல்லிய கேபிலரிக் குழாயின் வாயில் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். கூலிங் நின்றுவிடும். அதனால் கேஸ் நிரப்புவதற்கு முன் பம்ப் போட்டு அரைமணி நேரம் உறிஞ்சி எடுப்பார், ஈரம் உறிஞ்சும் டிரையரை மாற்றுவார். ஊரில் மற்ற மெக்கானிக்குகள் பத்து நிமிஷத்தில் முடிப்பதை அவர் அரைமணி செய்வார். அவர் கை பட்ட ஃபிரிட்ஜ் ஈரத்தால் நின்றதாகச் சரித்திரம் இல்லை.

முதல் பத்து நாள் எல்லாம் நன்றாக நடந்தது. மாலை ஆறு மணிக்கு அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்காருவார். கூலிங் பத்து நிமிஷம் வாசிப்பார். அக்கா முழங்காலில் தாளம் தட்டுவார். முடிந்ததும் இருவரும் டீ குடிப்பார்கள். அக்கா முதல் மாடி அம்மாள் வீட்டுக்குக்கூட இரண்டு தடவை போய் வந்தார். ஒரே ஒரு குறை. ஐந்தாவது நிமிஷம் ஆனால் போதும், சத்தம் கம்மிக் கரகரத்து, சளி பிடித்த தொண்டை மாதிரி ஆகிவிடும். கூலிங் ஊதித் தள்ளுவார், மறுபடி ஆரம்பிப்பார், மறுபடி அடைக்கும். அக்குளில் வைத்துச் சூடு பண்ணுவதை அவர் ஒரு தடவையும் செய்யவில்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். அக்குளில் குழலைச் சொருகிக்கொண்டு நிற்பது அவருக்கு அசிங்கமாக இருந்தது.

ஒரு துளித் தண்ணீர் தன்னிடமே வாலாட்டுவதா என்று அவருக்கு ரோஷம் வந்தது. தொழிலை இறக்கினார். காற்றுப் புகாத ஒரு பெரிய டின்னை எடுத்தார். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளை அரைக் கிலோ, அடுப்பில் வறுத்து, நீலநிறமாக ஆனதும் அடியில் கொட்டினார். ரெக்கார்டரை மூன்று பாகமாகக் கழற்றி உள்ளே வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். அப்போது பார்த்து ஒரு குளிர்பதனக் கிடங்கில் மூன்று நாள் வேலை வந்தது. திரும்பி வந்து டேப்பைப் பிரித்தால் நீல மணிகளில் பாதி ரோஜா நிறமாக மாறியிருந்தன. “எவ்வளவு தண்ணியைக் குடிச்சிருக்கு பாரு!” என்று தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

அன்று மாலை ஆறு மணிக்கு அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தார். கூலிங் பதினேழாம் பாடத்தை எடுத்தார். ஊதினார். வந்தது வெறும் காற்று. ‘ஹ்ஹ்’ என்று, ஆறிப்போன டீயை ஊதுகிற மாதிரி. இன்னும் கொஞ்சம் ஊதினால் சரியாகிவிடும் என்று விரல்களை நகர்த்திக்கொண்டே போனார். சரியாகவில்லை. அசடு வழிய நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

அக்கா முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் அதே சிரிப்பு.

கூலிங்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்போது அவர் செய்த காரியத்தை நினைத்துப் பின்னால் பல நாள் வெட்கப்பட்டார். ஊதுவதையே நிறுத்தினார். கன்னத்தை மட்டும் உப்ப வைத்து, விரல்களை மட்டும் ஆட்டினார். அக்காவின் கை தாளம் தப்பவில்லை. பாடம் முடிகிற இடத்தில் விரல் நின்றது, தாளமும் நின்றது.

“ரொம்ப நல்லா இருக்கு தம்பி” என்றார் அக்கா.

கூலிங் குழலைத் துணியில் சுற்றிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். ஆக, இதுவும் தலையாட்டல்தான். பத்து நாளும் தலையாட்டல்தான். கடையில் கையைத் தூக்கியது? யோசித்துப் பார்த்தார். அக்கா உட்கார்ந்த ஸ்டூலுக்கு நேர் எதிரில் கண்ணாடி அலமாரி. கடைக்காரம்மா ஊதுவது அதில் பளிச்சென்று தெரிந்திருக்கும். வாய் பேசுவதைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடிக்கிறவருக்கு விரல் ஆடுவது தெரியாதா? தனக்காக, தன் மனசு கோணக் கூடாது என்பதற்காக, அங்கேயும் நடித்திருக்கிறார். கோபம் வரவில்லை. அழுகை வந்தது. ஐம்பத்து நான்கு வயதில் அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்து அழுகை வந்தது.

மறுநாள் குழலைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரம்மா தலைப்பகுதியைத் தட்டினார். சந்துக்கு அடியில் இருக்கும் மரக்கட்டை, பால் பல் மாதிரி, கழன்று மேசையில் விழுந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூலிங்கை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன பண்ணினீங்க?”

சொன்னார்.

“அடப்பாவி மனுஷா! இந்தக் கட்டை கொஞ்சம் ஈரம் குடிச்சு, கொஞ்சம் உப்பி உக்காந்தாத்தான் சத்தமே வரும். ஒட்ட உறிஞ்சிட்டா சுருங்கிப் போகாதா? தெரியாதவங்க யாரும் இப்படிப் பண்ண மாட்டாங்க. ஈரத்தைப் பத்தி இவ்வளவு தெரிஞ்ச ஆளாலதான் முடியும். நல்ல வேளை, உடம்புல விரிசல் விழல. மூணு வாரம் விட்டுட்டுப் போங்க. தானா பழைய நிலைக்கு வருதா பாக்கலாம், இல்லன்னா புதுக் கட்டை செஞ்சு போடறேன்.”

முகத்தில் ஈயாடாமல் வீடு திரும்பினார். ஈரத்தில் கொடி கட்டிப் பறந்த ஆள், ஈரத்தை எடுத்தே ஒரு பொருளைக் கெடுத்தார் என்று வெளியே சொல்ல முடியுமா? அக்காவிடம் எதிரில் நின்று, “கடையில வேலை அதிகம்க்கா. கொஞ்ச நாளைக்கு வாசிக்க நேரமில்ல” என்றார்.

அக்கா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் தலையாட்டினார்.

அந்த மூன்று வாரமும் வீடு ஓசையில்லாமல் இருந்தது. மாலை ஆறு மணிக்கு அக்கா நாற்காலியை இழுத்துப் போடவில்லை. முதல் மாடி அம்மாள் மேலே வந்து கூப்பிட்டபோது தலைவலி என்று சைகை காட்டி அனுப்பினார். ரேடியோவைத் துணி போட்டு மூடினார். ஒரு நாள் தன் போனைக் கொண்டுவந்து தம்பியின் மேசையில் வைத்தார். “இது எனக்கு எதுக்குடா? நீயே யாருக்காவது குடுத்துடு.” நடிக்க வேண்டிய பாரம் இறங்கியதில் அக்காவுக்கு நிம்மதி போலிருக்கிறது என்று கூலிங் நினைத்துக்கொண்டார். ஆள் இளைத்துத் தெரிகிறாரே என்றும் நினைத்தார். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

கட்டை தானாகவே பழைய நிலைக்கு வந்துவிட்டது. கடைக்காரம்மா அதைப் பொருத்தி ஊதிக் காட்டி, “மறுபடியும் முதல்ல இருந்து, பத்து பத்து நிமிஷம்” என்று கையில் கொடுத்தார். கூலிங் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார், ஆனால் அக்காவிடம் காட்டவில்லை. காட்டினால் பாவம், மறுபடி எதிரில் உட்கார்ந்து தாளம் தட்டுவார். அந்தத் தண்டனையை அவருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை. கடை விடுமுறை. அக்கா சமையலறையில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கூலிங் ஹாலின் மறுகோடியில், ஜன்னலோரம் போய் நின்றார். குளிர்ந்த காலை. தனக்காக ஒரு பத்து நிமிஷம் வாசித்துக்கொள்ளலாம் என்று எடுத்தார். பதினேழாம் பாடம் மெதுவான பாடம், அடிச்சுரத்தில் ஆரம்பிக்கிறது. குழல் கனமாக, இதமாகப் பேசியது. அது பேசியதும் அவருக்கு உயிர் வந்தது.

நாலாவது வரியில் வழக்கம்போல் அடைத்துக்கொண்டது. சத்தம் கரகரத்து நூலாகி, காற்றாகிப் போனது. கூலிங் விரல்களை எடுக்காமல், பிடிவாதமாக ஊதிக்கொண்டே இருந்தார்.

“லைன்ல தண்ணி இறங்கிடுச்சு.”

சமையலறையிலிருந்து குரல், மழைக்காலத்தில் லைன் கரகரத்தால் எக்ஸ்சேஞ்சில் சொல்கிற அதே பேச்சு. அக்கா திரும்பவில்லை. கத்தி கையில் அப்படியே நின்றிருந்தது, பாதி உரித்த வெங்காயமும் அப்படியே.

“ஊதித் தள்ளிட்டு மேல வாசிடா. நடுவுல விட்டுட்டியே.”

கூலிங் நின்ற இடம் அக்காவுக்குத் தெரியாது. விரல் தெரியாது, கன்னம் தெரியாது. அங்கே எதிரில் இருப்பது வெறும் சுவர். குழலைப் பிடித்தபடியே ஓடிப்போய் அக்காவின் முன்னால் உட்கார்ந்தார். அக்காவின் முகம் நனைந்திருந்தது. வெங்காயத்தின் மேல் பழி போடலாம், அக்கா போடவில்லை.

“உனக்குக் கேக்குதாக்கா?”

“கேக்குதுடா. முன்னாடி மாதிரியே கேக்குது.” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “அன்னிக்குத்தான் லைனே செத்துக் கெடந்துச்சு. நீ அந்த மூணு நாள் வேலைக்குப் போயிட்டு வந்து வாசிச்சியே, அன்னிக்கு. உன் விரல் ஆடுது, கன்னம் உப்புது, எனக்கு ஒரு பொட்டுச் சத்தம் வரல. சரி, குருவி போச்சு, பெல்லு போச்சு, இப்ப இதுவும் போயிடுச்சு. அடுத்தது உன் பேச்சுதான்னு நெனச்சேன். உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல மனசு வரல. அதான் விரலைப் பாத்துத் தட்டினேன்.”

கூலிங் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தால் அக்காவுக்கு வாய் தெரியாது என்று நினைவு வந்து நிமிர்ந்தார்.

“உன் காதுக்கு அன்னிக்கு ஒன்னும் ஆகலக்கா. குழல்தான் கெட்டுப்போயிருந்துச்சு. நான்தான் டின்னுல போட்டுக் காயவச்சுக் கெடுத்தேன். சத்தமே வரல. நீ தட்டறதைப் பாத்துட்டு, கடைசியில நான் ஊதக்கூட இல்ல. சும்மா விரலை ஆட்டினேன், நீ என்ன பண்றேன்னு பாக்க. அப்புறம் வெக்கமா இருந்துச்சு. அதான் வேலை அதிகம்னு பொய் சொன்னேன்.”

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூணு வாரம்” என்றார். மறுபடி, “மூணு வாரம்டா” என்றார். வெங்காயக் கையாலேயே அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அப்புறம் அதே கையால் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டார். கூலிங் அடிவாங்கிய பிள்ளை மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தார். மன்னிச்சிடுக்கா என்று சொன்னார். அந்த வீட்டில் அதுவும் புதிய சொல்தான்.

“சரி, போ. அங்கேயே போய் நின்னு வாசி” என்றார் அக்கா. “என் எதிர்ல வராதே.”

கூலிங் எழுந்தார். தலைப்பகுதியைக் கழற்றி, வெட்கத்தை விட்டு, அக்குளில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். மரம் உடம்புச் சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருந்தார். பதினேழாம் பாடத்தை முதலிலிருந்து எடுத்தார். அடைக்கவில்லை. கடைசி வரியில் பாட்டு மேலே ஏறி, இரண்டு மெல்லிய சுரத்தைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கி முடிந்தது.

குழலை இறக்கிவிட்டு அக்காவின் முதுகைப் பார்த்தார். ரொம்ப நல்லா இருக்கு தம்பி என்ற பேச்சு வரவில்லை. அக்கா கத்தியைக் கீழே வைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் மாதிரி கொஞ்சம் இழுத்தார்.

“கடைசியில உன் விரல் மேல போகுமே, அந்த ரெண்டு சுரம்” என்றார். “அது மட்டும் எனக்குக் கேக்கலடா.”